ஸ்டென்ட் வைத்து 11 வாரம்: சைக்கிள் மிதிக்கலாமா, டாக்டர்?

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து 51 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

மாங்கூழ் ஃபேக்டரி ஒன்றில் எடை மேடையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஜனவரி கடைசியில் ஒரு விடியற்காலை, நெஞ்சில் உரலைத் தூக்கி வைத்தாற்போல் பாரம். சட்டை நனைய வேர்வை. வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் இரண்டரை மணி நேரம் ஓடிவிட்டது. இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் முழு அடைப்பு. மணிக்கட்டு வழியாக ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னொரு குழாயில் 50 சதவீத அடைப்பு இருக்கிறது, அதை மருந்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். எக்கோவில் பம்பிங் 45 சதவீதம். ஆறு வருடமாகச் சர்க்கரை. இப்போது ஆஸ்பிரின், டிகாக்ரெலார், ரோசுவாஸ்டாடின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போட்டுக்கொள்கிறார். சிகரெட் 'ரெண்டே ரெண்டு'.

ஓசூரில் இருக்கும் மச்சான், தான் ஓட்டிய கியர் சைக்கிளையும் கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். '220-இல் வயசைக் கழி, 169. அதில் 80 சதவீதம் துடிப்பு வந்தால்தான் எக்சர்சைஸ்' என்பது அவர் கணக்கு. கே.ஆர்.பி. அணை வரை ஞாயிறுதோறும் போய்ப் பழகிவிட்டு, ஆடிப் பெருக்குக்குள் ஒகேனக்கல் ஒரு ரவுண்டு என்று திட்டம். மனைவியோ சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தாலிக் கயிற்றில் முடிந்து வைத்திருக்கிறார். ஜூனில் மாங்காய் வரத்து ஏறிவிடும், அதற்குள் உடம்பைத் தேற்ற வேண்டும் என்பது வாசகரின் அவசரம். சைக்கிள் ஓட்டினால் ஸ்டென்ட் நகருமா, மிச்சமிருக்கும் அடைப்பு கரையுமா, நன்றாக ஓட்டினால் மாத்திரையைக் குறைக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை உங்கள் கேள்விகளைப் படித்தேன். இரண்டாவது தடவை, மூன்றாம் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில் நின்றுவிட்டேன். வீட்டுக்குத் தெரியாமல் ஒருநாள் காலை, மகளுக்குப் பிளஸ் ஒன்னில் கொடுத்த விலையில்லா சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். 'மேம்பாலத்து ஏற்றத்தில் தாடை கொஞ்சம் இழுத்தது. நெஞ்சு இல்லை டாக்டர், தாடைதான். இறங்கி நின்றேன், அஞ்சு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. நம்ம ஊர் தண்ணிக்குப் பல்லு எப்பவும் தொல்லைதானே.'

நீங்கள் கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இதற்குப் பிறகுதான்.

பல் அல்ல, இதயமாக இருக்கலாம்

தண்ணீரைப் பற்றி நீங்கள் சொன்னது பொய்யில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன் ஆழ்துளைக் கிணற்றை நம்பி வளர்ந்த தலைமுறையின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும், மூட்டிலும் முதுகிலும் வலி இருக்கும். எதற்கெடுத்தாலும் தண்ணீர் மேல் பழியைப் போடும் பழக்கம் நம்மிடம் அதனால்தான் வந்தது. ஆனால் ஃப்ளோரைடு பல்லுக்கு மேம்பாலம் எது, சமதரை எது என்று தெரியாது. மிதிக்கும்போது வந்து, நின்றதும் போகும் இழுப்பு என்றால் முதல் சந்தேகம் இதயத்தின் மேல்தான். இதய வலி நெஞ்சில்தான் வர வேண்டும் என்று சட்டமில்லை. தாடை, கழுத்து, இடது கை, இரண்டு தோள்பட்டைக்கு நடுவே, மேல் வயிறு, எங்கு வேண்டுமானாலும் வரும். சர்க்கரை இருப்பவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாகவும் வரும்.

ஸ்டென்ட் வைத்த இடம் மறுபடி சுருங்கியிருக்கலாம். அந்த 50 சதவீத அடைப்பு, ஏற்றத்தில் இதயம் கேட்ட ரத்தத்தைக் கொடுக்க முடியாமல் திணறியிருக்கலாம். இரண்டும் இல்லாமல் வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆகவே மே மாதம் வரப்போகும் செக்கப்புக்குக் காத்திருக்காமல், இந்த வாரமே உங்கள் இதய மருத்துவரைப் பாருங்கள். அதுவரை எந்தச் சைக்கிளும் வேண்டாம். வீட்டைச் சுற்றி, சமதரையில், உடம்பை ஒன்றும் செய்யாத வேகத்தில் நடக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே அந்த இழுப்பு வந்தாலோ, முன்னைவிடக் குறைந்த வேலைக்கே வந்தாலோ, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் யார் பின்னாலும் உட்கார்ந்து போகாதீர்கள், நீங்களே ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள். ஓமத் தண்ணீருக்கு நேரம் கொடுத்தது போன முறையோடு போகட்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 2023-லிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து மேலே அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்தில் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

இதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பல் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டதால் பல் டாக்டரிடம் போவீர்கள். பல்லைப் பிடுங்க வேண்டும் என்று பேச்சு வரும். ரத்தம் நிற்காது, அந்த மாத்திரையை நாலு நாள் நிறுத்திவிட்டு வாங்க என்று யாராவது சொல்லக்கூடும். ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில், அதுவும் மாரடைப்புக்காக வைத்த ஸ்டென்டில், ஆஸ்பிரினையும் டிகாக்ரெலாரையும் சொந்தமாக நிறுத்துவது ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து இன்னொரு மாரடைப்பை வரவழைக்கும் வேலை. பல் டாக்டரிடம் இந்த இரண்டு மாத்திரையின் பெயரையும் எழுதிக் காட்டுங்கள். அவர் உங்கள் இதய மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கட்டும்.

மருத்துவரிடம் போகும்போது 'ஒன்றுமில்லை, கொஞ்சம் பல்லு' என்று ஆரம்பிக்காதீர்கள். 'ஏற்றத்தில் மிதித்தபோது தாடை இழுத்தது, நின்றதும் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது' என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை அவர் கேட்டுக்கொள்வார்.

அவர் என்ன செய்வார்

ஈ.சி.ஜி. எடுப்பார். மூன்று மாதம் ஆகப்போவதால் எக்கோ எப்படியும் திரும்பப் பார்க்க வேண்டியதுதான். பம்பிங் 55-க்கு மேல் இருந்தால் இயல்பு என்கிறோம். உங்களுடையது 45, லேசான குறைவு. மாரடைப்பு வந்த கையோடு எடுத்த அளவு அது. அடிபட்டு மரத்துக்கிடந்த தசை, மருந்தோடு சில வாரங்களில் விழித்துக்கொள்வதும் உண்டு. அந்த 45-ஐ நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டாம்.

அடுத்து, சரி என்று பட்டால் டி.எம்.டி. சந்தேகம் பலமாக இருந்தால் அதைத் தவிர்த்துவிட்டு நேராக ஆஞ்சியோகிராமே பார்க்கலாம் என்பார்; அது அவர் முடிவு. டி.எம்.டி. என்றால் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஓடும் பெல்ட்டில் நடக்க விடுவார்கள். வழக்கமான முறையில் முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீத ஏற்றம். அடுத்த 3 நிமிடம் 4 கி.மீ., 12 சதவீதம். அதற்கடுத்தது 5.5 கி.மீ., 14 சதவீதம். வேகத்தைப் பார்த்து இவ்வளவுதானா என்று சிரிக்கிறவர்கள், ஏழாவது நிமிடத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஏற்றம் செய்யும் வேலை அது. உங்கள் மேம்பாலமும் அதைத்தான் செய்தது.

இந்த டெஸ்ட்தான் உங்கள் சைக்கிளுக்கு லைசென்ஸ். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிப்பதை 1 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் வேகமான நடை மூன்றரைப் பங்கு கேட்கும். சமதரையில் 16 கி.மீ. வேகத்துக்குள் சாவகாசமாகச் சைக்கிள் மிதித்தால் 4 பங்கு. அதையே 16-க்கு மேல் கொண்டுபோனால் 6, 7 என்று ஏறும். மேடும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் அதற்கும் மேல். டி.எம்.டி.யில் முதல் இரண்டு கட்டத்தையும், அதாவது 6 நிமிடத்தை, வலியும் ஈ.சி.ஜி. மாற்றமும் இல்லாமல் முடித்தால் சுமார் 7 பங்கு வேலையை உங்கள் இதயம் தாங்குகிறது என்று பொருள். அப்படியானால் 4 பங்கு கேட்கும் சைக்கிள் உங்களுக்குத் தாராளமாக ஒத்துவரும். சைக்கிள் கெட்டது, நடை நல்லது என்று எதுவும் இல்லை. உங்களால் முடிந்ததில் பாதிக்குச் சற்று மேலே நின்றுகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நடையில் அந்த இடத்தில் நிற்பது சுலபம். சைக்கிளில் ஒரு மேடு வந்தால் நம்மைக் கேட்காமலே தாண்டிவிடுவோம்.

மச்சானின் 169

மச்சான் கணக்கில் தப்பில்லை, ஆள்தான் தப்பு. 220-இல் வயதைக் கழிப்பது ஒரு சராசரிக் கணக்கு, அதுவும் மெட்டோப்ரோலால் சாப்பிடாதவர்களுக்கு. இதயம் வேகமாகத் துடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த மாத்திரையின் வேலையே. ஆகவே 169-இல் 80 சதவீதமான 135-ஐ வாட்சில் பார்த்தே தீருவேன் என்று மிதித்தால், மாத்திரை ஒரு பக்கம் பிரேக் பிடிக்க, நீங்கள் மறுபக்கம் ஆக்சிலேட்டரை முறுக்குகிறீர்கள். வாட்சும் சாமி வாக்கு இல்லை. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக் குண்டும் குழியுமான ரோட்டில் போனால் மணிக்கட்டிலிருந்து வரும் எண் தாறுமாறாகக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்தே படபடப்பு வந்து என்னிடம் வந்தவர்கள் உண்டு.

டி.எம்.டி. ஆனதும் உங்களுக்கென்று ஒரு துடிப்பு அளவை மருத்துவர் எழுதித் தருவார். அதுவரை பொதுவாக நாங்கள் சொல்வது, ஓய்வில் இருக்கும் துடிப்புக்கு மேல் 20 வரை, கூடிப்போனால் 30. உங்களுக்கு ஓய்வில் 62 என்று எழுதியிருக்கிறீர்கள். 85-ஐ ஒட்டி வைத்துக்கொண்டால் போதும். இதைவிட எளிய அளவுகோல் வாய்தான். மிதித்துக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் நேற்றைய மண்டி விலையை முழு வாக்கியமாகச் சொல்ல முடிந்தால் சரியான வேகம். பாட்டுப் பாட முடிந்தால் கொஞ்சம் கூட்டலாம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். டிகாக்ரெலார் சிலருக்குச் சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது போன்ற உணர்வைத் தரும். உங்களுக்கு அது இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் வேறு மாத்திரைக்கு மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எந்தச் சைக்கிள், எந்த ரோடு

எல்லாம் சரி என்று வந்துவிட்டது, சைக்கிள் எடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கியர் சைக்கிளா, மகள் சைக்கிளா?

எனக்கு மகள் சைக்கிள்தான் பிடிக்கிறது. நடுவில் பார் இல்லை, காலைத் தூக்கி வீசி ஏற வேண்டாம், தலை சுற்றினால் உடனே இரண்டு காலையும் ஊன்றலாம். முதல் ஒரு மாதத்துக்கு அதை விடச் சிறந்த வண்டி கிடையாது. சீட்டை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். அந்தச் சீட்டு பதினாறு வயசுப் பிள்ளைக்கு வைத்த உயரத்திலேயே இருந்தால் உங்கள் முழங்கால்தான் முதலில் புகார் கொடுக்கும். கியர் சைக்கிளின் அருமை மேட்டில்தான் தெரியும். சின்னக் கியரில் போட்டால் அதே மேட்டின் கனம் பாதியாகிவிடும். மேடில்லாத ரோட்டில் அது அவசியமே இல்லை. அதோடு, குனிந்து ஓட்டும் ஹேண்டில்பார் என்றால் வயிறு இடிக்கும், மூச்சும் முட்டும். மச்சானுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம், ஆடிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ரோடுதான் பெரிய விஷயம். பெங்களூர் – சேலம் தேசிய நெடுஞ்சாலையில் காலை 6 மணிக்கு லாரிகளுக்கு நடுவே ஓட்டுவதை உடற்பயிற்சி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் சாப்பிடுவது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, அதுவும் இரண்டு. கீழே விழுந்து தலையில் அடிபட்டால் மண்டைக்குள் ரத்தம் கசியும் அபாயம் மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம். ஹெல்மெட் இல்லாமல் வாசல் தாண்டாதீர்கள். விழுந்து தலை இடித்தால், வலியே இல்லாவிட்டாலும், போய்க் காட்டிவிடுங்கள். சைக்கிளுக்கு எதுக்குய்யா ஹெல்மெட் என்று டீக்கடையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஏரிக்கரை, பள்ளி மைதானம், ஊருக்குள் போகும் பழைய ரோடு, இந்த மாதிரி இடமாகப் பாருங்கள். முதலில் அந்த ரோட்டில் ஒருநாள் நடந்து போங்கள். சைக்கிளில் கண்ணுக்குத் தெரியாத மேடு காலுக்குத் தெரியும். போகும்போது இறக்கமாக இருக்கும் வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒகேனக்கல் அதனால்தான் உங்களுக்கு இப்போதைக்கு ஆகாது. பென்னாகரம் தாண்டியதும் வண்டி தானாகவே உருண்டு இறங்கும், ஆஹா என்றிருக்கும். அருவியைப் பார்த்து, மீனைச் சாப்பிட்டுவிட்டு, உச்சி வெயிலில் அதே மலையைத் திரும்ப ஏற வேண்டும். உடம்பு சோர்ந்திருக்கும் நேரத்தில்தான் பெரிய கணக்கைக் கட்டச் சொல்லும் வழி அது. ஏற்றத்தில் முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பழைய மாதிரி கனமான சைக்கிள் 20 கிலோ வரும். அதை மேட்டில் மூச்சைப் பிடித்துத் தள்ளுவது மிதிப்பதைவிடச் சில சமயம் மோசம். நின்று, மூச்சு சீரானபின் திரும்பிவிடுங்கள்.

நாய்கள். விடியற்காலையில் சைக்கிளைக் கண்டால் நம் ஊர் நாய்களுக்கு என்ன கோபமோ தெரியாது. துரத்தினால் வேகமாக மிதிப்பது இயல்பு. உங்களுக்கு அந்தத் திடீர் வேகம்தான் கூடாதது. இறங்கிவிடுங்கள், சைக்கிளை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், மெதுவாக நடங்கள்.

எவ்வளவு நேரம்? முதல் வாரம் 10 நிமிடம் போதும். அதற்கு முன் 5 நிமிடம் மெல்ல நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். முடிவிலும் 5 நிமிடம் மிக மெதுவாக மிதியுங்கள். வேகமாக ஓட்டி வந்து சட்டென்று நிறுத்தினால் ரத்தம் காலில் தேங்கி மூளைக்குக் குறையும். பிரஷரைக் குறைக்கும் ராமிப்ரிலும் மெட்டோப்ரோலாலும் சேர்ந்துகொண்டால் கண்ணைக் கட்டி விழுந்துவிடுவீர்கள். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக்கொண்டே போய், வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் என்ற இடத்துக்கு வந்து நில்லுங்கள். நேரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். இந்தச் சித்திரை வெயிலில் ஏழரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அதுவே மார்கழி வந்தால் தலைகீழ். பனியில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், எதிரே வருகிற வண்டிக்கு உங்களைத் தெரியாது, வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள்.

பாக்கெட்டில் மூன்று பொருள் இருக்கட்டும். ஒன்று, நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்; மருத்துவர் எழுதித் தந்த பிறகு, அட்டையோடு, தேதி பார்த்து. வலி வந்தால் இறங்கி உட்கார்ந்துகொண்டு வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் இறங்கி விழுவீர்கள். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. இரண்டு, உங்கள் பெயர், மாத்திரைகள், வீட்டு நம்பர் எழுதிய சீட்டு. மூன்று, குளுக்கோஸ் பொட்டலம். கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் மிதித்தால் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். வழக்கமாக நெஞ்சு படபடத்து, கை நடுங்கி அது எச்சரிக்கும். மெட்டோப்ரோலால் அந்த எச்சரிக்கையை அமுக்கிவிடும், வேர்வை மட்டும்தான் மிஞ்சும். சைக்கிள் ஓட்டினால் வேர்க்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுவீர்கள். ஆகவே முதல் சில நாள் கிளம்பும் முன்பும் வந்த பிறகும் சர்க்கரை பாருங்கள். கடலை மிட்டாய் இதற்கு ஆகாது. அதில் இருக்கும் எண்ணெய்ச் சத்து, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். பயிற்சியும் மாத்திரையும் ஒத்துப்போகாவிட்டால் மருத்துவர் அந்த மாத்திரையின் அளவைக் குறைப்பார்.

ஸ்டென்ட் நகருமா, அடைப்பு கரையுமா

நகராது. பலூனை அழுத்தி ஊதி ரத்தக்குழாய்ச் சுவரோடு பதித்த உலோக வலை அது. இந்நேரம் அதன் மேல் தசை படர ஆரம்பித்திருக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கினால் கழன்று ஓட அது செயின் கவர் இல்லை.

அடைப்பு விஷயத்தில் உங்கள் நம்பிக்கையைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கிறது. வேர்வையோடு கொழுப்பு வெளியேறும், குழாய் சுத்தமாகும் என்பது தப்பு. பயிற்சியால் ரத்தக்குழாய் நன்றாக விரியக் கற்றுக்கொள்ளும், பிரஷரும் சர்க்கரையும் கட்டுக்குள் வரும், அதே வேலையை இதயம் குறைந்த துடிப்பில் செய்யும். மாரடைப்புக்குப் பின் ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவர்கள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வது குறைகிறது, இதய நோயால் இறப்பதும் குறைகிறது. இது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த உண்மை. ஆனால் அந்த 50 சதவீத அடைப்பு வெடிக்காமல் அடங்கிக் கிடக்கச் செய்வது முக்கியமாக ரோசுவாஸ்டாடின்தான். கெட்ட கொழுப்பு உங்களுக்கு 70-க்குக் கீழே கட்டாயம் இருக்க வேண்டும். 55-க்குக் கீழே போனால் இன்னும் நல்லது. கடிதத்தில் அந்த எண் எங்கும் இல்லை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக, மாத்திரையைக் குறைக்கலாமா என்ற கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. செலவுதான் காரணம் என்றால் அதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். டிகாக்ரெலாருக்குப் பதில் விலை குறைந்த க்ளோபிடோக்ரெல் போதுமா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வரும். அந்தத் திட்டமே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் தொடங்கியது.

சிகரெட் பற்றி நீளமாகச் சொல்ல மனமில்லை. காலையில் 30 நிமிடம் மிதித்துவிட்டு டீயோடு ஒன்று பற்ற வைத்தால், விரிந்த ரத்தக்குழாயை நீங்களே திரும்பச் சுருக்குகிறீர்கள். ரெண்டே ரெண்டு என்பது ரெண்டுதான்.

கடைசிப் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்ததையும் படித்தேன். தவறான கேள்வி இல்லை, நிறையப் பேர் கேட்காமல் விடுவது. இரண்டு மாடிப் படியை நிற்காமல், தாடையோ நெஞ்சோ இழுக்காமல் ஏற முடிந்தால் தாம்பத்தியத்துக்குத் தடையில்லை. உங்களுக்கு, அந்த டி.எம்.டி. டெஸ்ட் முடிந்த பிறகுதான். அதற்கென்று மெடிக்கலில் எந்த மாத்திரையும் சொந்தமாக வாங்காதீர்கள். அந்த வகை மாத்திரையும் சார்பிட்ரேட்டும் ஒரே நாளில் சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும், உயிரே போகலாம்.

சாவியை முடிந்து வைத்திருப்பவர்

உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறீர்கள். அந்த விடியற்காலையில் நீங்கள் வேர்த்துக் கிடந்தீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர். உங்களுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். அவருக்கு முழுதாக இருக்கும். 'சும்மா பயப்படாதே' என்று சொல்லிப் போகிற பயம் இல்லை அது. அதோடு, திருட்டுத்தனமாகப் போய் தாடை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அவர் பூட்டியது சரி என்றுதான் கணக்கு வருகிறது.

அந்த மேம்பாலத்து விஷயத்தை இன்று ராத்திரியே அவரிடம் சொல்லிவிடுங்கள். மருத்துவரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டி.எம்.டி. எடுத்தால், அனுமதி கேட்டு, அந்த அறையில் அவர் நிற்கட்டும். நீங்கள் ஆறாவது நிமிடம் ஏற்றத்தில் நடப்பதையும், திரையில் கோடு கோணாமல் ஓடுவதையும் அவர் கண்ணால் பார்த்தால், நான் எழுதும் இந்த நாலு பக்கத்தைவிட அது வேலை செய்யும். கோடு கோணினால், அதையும் அவர் பார்ப்பது நல்லதுதான். நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முறையை அங்கேயே நர்ஸிடம் கேட்டு அவரும் மகளும் பத்து நிமிடத்தில் பழகிக்கொள்ளலாம்: நெஞ்சின் நடுவில், 5 செ.மீ. அமுங்க, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பயந்தவருக்குச் செய்ய ஒரு வேலை தெரிந்தால் பயம் பாதி இறங்கும்.

மாங்காய் சீசனுக்குள் என்ற அவசரத்தை விட்டுவிடுங்கள். எடை மேடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதையும், ராத்திரி ஷிஃப்ட் வேண்டாம் என்று எழுதித் தர முடியுமா என்பதையும் அதே நாளில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூடை தூக்கக் கை குறைகிறது என்று யாராவது கூப்பிட்டால் எழுந்து போகாதீர்கள்.

சாவி இப்போதைக்கு அவரிடமே இருக்கட்டும். ரிப்போர்ட் கையில் வந்ததும் கேளுங்கள், கொடுப்பார்.